இரண்டே வாசகர்கள்

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ பாத்திரங்களை வைத்து நான் ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதினால் ஒரே நாளில் நூறு பேர் படித்துவிடுகிறார்கள். எனக்கு உயிரான ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் அம்மையப்ப பிள்ளையை வைத்து எழுதியதைப் படித்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் என் அண்ணன். எல்லாருக்கும் தெரிந்த நாவலோடு நின்றுகொள்ளட்டுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அண்ணனைக் கழித்துவிடாதீர்கள், அவரிடம் நமக்கு ஒரு வேலை இருக்கிறது.

அனுப்பியிருந்த இரண்டு கதைகளையும் படித்தேன். முதல் கதையில் ‘குந்தவை ஓடத்திலிருந்து இறங்கினாள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். போதும். ஆறு, பழையாறை, அவள் மிடுக்கு எல்லாவற்றையும் வாசகரே கொண்டுவந்து வைத்துவிடுகிறார். 1950 முதல் 1954 வரை கல்கி வாராவாரம் போட்டுவைத்த முதலுக்கு நீங்கள் வட்டி வாங்குகிறீர்கள். தப்பே இல்லை. பின்னால் வருகிறவர்கள் எழுதட்டும் என்று முடிவுரையிலேயே அவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனார். விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ அந்த வாசல் வழியாக வந்ததுதான். ஆனால் கூட்டம் வந்தால் காவலும் கூடவே வரும். நான் ஒருமுறை பூங்குழலியை இருட்டுக்குப் பயப்பட வைத்துவிட்டேன். “எங்க பூங்குழலியா? கோடிக்கரைக் கடலில் தனியாகப் படகு விடுகிறவளா?” என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

இரண்டாவது கதைக்கு வருகிறேன். முதல் வரி: ‘பிள்ளைவாள் வழக்கம்போல ஆரம்பித்துவிட்டார்.’ என்ன வழக்கம்? ராஜம் ஐயர் அந்த நாவலை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக எழுதத் தொடங்கியது 1893-இல். இன்று பலருக்கும் அது பரீட்சைக்கு உருப்போட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். குந்தவைக்குச் செல்லுபடியான சுருக்கம் பிள்ளைவாளுக்குச் செல்லாது. அதற்காக முதல் பக்கத்தில் நாவலின் கதைச்சுருக்கத்தை இறக்கிவைத்துவிடாதீர்கள். அது இன்னும் மோசம். ஒரு பையன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கட்டும். தமிழ்ப் பண்டிதரான பிள்ளைவாள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே ‘தண்ணீர்’ என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்லட்டும். பையன் கிணற்றடிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் விளக்கம் முடியாமல் இருக்கட்டும். நாவலைத் தொடாதவருக்கும் ஆளைத் தெரிந்துவிடும். படித்தவர் தானாகச் சிரிப்பார்.

அண்ணன் நாவலைப் படித்தவரா? இல்லையென்றால் நல்லதாகப் போயிற்று. கதையை அவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்று பாருங்கள். ஒழுகுவது அங்கேதான்.

எண்ணிக்கையைப் பற்றி ஒன்று. ரசிகர் வட்டம் சிறிதாக உள்ள படைப்புகளுக்கென்றே ஆங்கிலத்தில் ‘யூல்டைட்’ என்ற கதைப் பரிமாற்றம் 2003 முதல் கிறிஸ்துமஸையொட்டி ஆண்டுதோறும் நடக்கிறது. யாரும் சீண்டாத ஒரு நூலின் பெயரைச் சொல்லி ஒருவர் கதை கேட்பார். முகம் தெரியாத இன்னொருவர் அவருக்காகவே குறைந்தது ஆயிரம் சொற்களில் எழுதித் தருவார். அந்த ஒருவர் படித்தால் காரியம் முடிந்தது. நம் ஊரிலும் நாலு பேர் சேர்ந்தால் செய்யலாம்.

உரிமைச் சிக்கல் இரண்டிலும் இல்லை. ராஜம் ஐயர் 1898-இலேயே போய்விட்டார். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை. மறைந்து அறுபது ஆண்டு ஆகாதவர்களின் பாத்திரங்கள் என்றால் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

முதல் வரியை அடித்துவிட்டு மறுபடி அனுப்புங்கள். அடுத்து ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் பேயாண்டித் தேவனைத் தொடுவதாக இருந்தால் எனக்கும் ஒரு பிரதி.