இழைக்காமலே மரத்தரையைத் தேற்றலாம்

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துப் பழைய வீடுகளில் பலகைத் தரை மங்கியதுமே ‘மெஷின் போட்டு இழைத்துவிடலாம்’ என்ற பேச்சு வந்துவிடும். அவசரம் வேண்டாம். பெரும்பாலும் தேய்ந்திருப்பது மரம் அல்ல, மேலே இருக்கும் பூச்சுதான். இழைக்க இழைக்கப் பலகை மெலியும். பூச்சை மட்டும் புதுப்பித்தால் மரம் மிஞ்சும்.

முதலில், பூச்சு இன்னும் தாங்குகிறதா, அது என்ன பூச்சு என்று கண்டுபிடியுங்கள். அதிகம் நடமாடும் இடத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு தாங்குகிறது. மரம் உறிஞ்சிக் கறுத்தால் அங்கே பூச்சு போய்விட்டது. அறை முழுக்கக் கறுத்தால் இந்த வழி உதவாது, ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்து, கண்ணில் படாத மூலையை டர்பன்டைன் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். மஞ்சளாகப் பிசுக்கு ஒட்டினால் அது மெழுகு. மெழுகின் மேல் வார்னிஷும் பிடிக்காது, பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷும் பிடிக்காது. பழைய மெழுகை டர்பன்டைனால் எடுத்துவிட்டு, புது மெழுகை மெல்லத் தடவி, காய்ந்ததும் துணியால் தேய்த்தால் வேலை முடிந்தது. இனி வருவதெல்லாம் வார்னிஷ், பி.யு. தரைகளுக்கு. லேமினேட் தரைக்கு இது எதுவும் ஆகாது. அதன் மேலே இருப்பது மரமே அல்ல.

இந்த வேலைக்கு நாள் பார்ப்பது மூடநம்பிக்கை இல்லை. மழைக்கால ஈரத்திலும் ஜனவரி உறைபனியிலும் பூச்சு சரியாகக் காயாது. மலையில் பிப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள், காலையிலேயே தொடங்குங்கள்.

தலை தூக்கிய ஆணிகளை உள்ளே இறக்குங்கள். பலகை இடுக்குகளில் மக்கு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பலகை உப்பும்போது அது பிதுங்கி வெளியே வரும். இளஞ்சூட்டு நீரில் சில துளி பாத்திர சோப்பு விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். பிறகு வெறும் நீரில் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள்.

வேலையின் உயிர் அடுத்த கட்டத்தில்தான். 220 நம்பர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். மரத்தைத் தொடக் கூடாது. பளபளப்பு மட்டும் போய் ஒரே சீராக மங்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். மினுக்கம் மிச்சமிருக்கும் இடத்தில்தான் புதுப்பூச்சு பின்னால் தோலுரியும். தூசியை வேக்குவத்தால் எடுத்துவிட்டு, எண்ணெய் வகைப் பூச்சென்றால் டர்பன்டைன் துணியாலும், நீர் வகையென்றால் ஈரத்துணியாலும் ஒற்றி எடுங்கள்.

முழு அறையில் இறங்குமுன் ஒரு மூலையில் மட்டும் பூசி, காய்ந்தபின் காசால் சுரண்டிப் பாருங்கள். உரிந்தால் நிறுத்திவிடுங்கள். பிடித்தால், வெறும் மரம் தெரியும் இடங்களுக்கு முதலில் தனியாக ஒரு கை. பிறகு தூர மூலையில் தொடங்கி வாசலில் முடிகிற மாதிரி மெல்லிசாகப் பூசுங்கள். டப்பாவைக் குலுக்கினால் குமிழி வரும், கலக்கினால் போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும்; கணப்பில் நெருப்பு கூடாது. டப்பாவில் போட்ட நேரம் கழிந்ததும் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, இரண்டாம் கை.

பூந்தொட்டி வைத்த கறுப்பு வட்டம் அப்படியே இருக்கும். அது மரத்துக்குள் இறங்கிய கறை. என்னைக் கேட்டால், மேலே ஒரு பாய் போடுங்கள். ஆனால் பாய் விரிக்க இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். மேஜை நாற்காலியைத் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள்.

எண்ணெய்ப் பூச்சு துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.