வகுப்பு எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

எங்கள் வீட்டில் ஐந்து, ஒன்பது, பதின்மூன்று வயதில் மூன்று பிள்ளைகள். மூவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். எல்லாப் பாடத்துக்கும் ஆளுக்கொரு செட் வாங்கினால் காசும் கரையும், சொல்லிக்கொடுப்பவர் நேரமும் சிதறும். அதனால் கணக்குக்கு மட்டும் தனித்தனிப் புத்தகம். மற்றதெல்லாம் பெரும்பாலும் பொது.

கணக்கில் ஒரு படி விட்டுப்போனால் அடுத்தது ஏறாது. அதற்குத் தமிழ்நாடு அரசின் பாடநூல்களே போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நடுப்பிள்ளைக்கு வகுத்தல் தடுமாறியதால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கினோம். பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தேன். வகுப்பு எண் மறைந்ததும் அவளுக்குக் கூச்சமும் போய்விட்டது.

அறிவியலுக்கு நான் முதலில் கைகாட்டுவது, எளிய பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் செய்முறைகளை. தீக்குச்சி, சைக்கிள் வால்வு டியூப், இவ்வளவுதான் செலவு. மூன்று குச்சிகளை டியூப் துண்டுகளால் இணைத்தால் முக்கோணம். அழுத்தினாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சிச் சதுரமோ லேசாகத் தட்டினாலே சாய்ந்துவிடும். சின்னவன் அதில் வீடு கட்டினான். நடுப்பிள்ளை சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்து அதை நிற்கவைத்தாள். பெரியவன் பாலங்களில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று தேடப் போய்விட்டான். மருந்து தடவிய முனையை முன்பே பெரியவர்கள் கிள்ளி எடுத்துவிட வேண்டும்.

கதைக்குத் தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப்புத்தகங்கள் நல்லவை. ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் ஒருவர் தமிழையும் மற்றவர் ஆங்கிலத்தையும் வாசிக்கலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் வாசிப்பு நிலைவாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாக உள்ளன. 'துளிர்' என்ற சிறுவர் அறிவியல் இதழ் வந்தால் பெரியவனுக்கும் நடுப்பிள்ளைக்கும் போட்டிதான்.

பெரிய பிள்ளைகளுக்குத் தேர்வையும் யோசிக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பிருந்தே அதன் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜூன் மாதம் கடைக்கு ஓடுவதற்கு முன் பிள்ளைகளை நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னைக்காரர்களுக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கின்றன. இரண்டாவது முறையும் பிள்ளை கேட்டு எடுக்கிற புத்தகத்தை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.