அதிகாரமும் கைநாட்டும் – நயினியப்ப பிள்ளை வழக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

பதவியைத் தவறாகப் பயன்படுத்துதல் என்றால் கையூட்டு வாங்குவதுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், என் ஆயாவின் முதியோர் உதவித்தொகை நின்றுபோகும் வரையில்.

எங்கள் ஊர் வில்லியனூரை அடுத்த ஒரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆயாவுக்கு எழுத்து வாசனையே இல்லை. சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள் என்று போனார். எந்த அலுவலகம், யார் அலுவலர் என்பதெல்லாம் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை. மேசைமேல் ஒரு தாள் இருந்தது. "எங்க சாமி வைக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். "காட்டுற எடத்துல வையம்மா, நேரமாவுது" என்று பதில் வந்தது. வைத்தார். மூன்றாம் மாதம் பணம் வரவில்லை. நான் போய்க் கேட்டபோது, "அவங்களேதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்கள். எழுதத் தெரியாதவர் எழுதிக் கொடுத்தாராம்!

அந்த நாட்களில் கல்லூரி நூலகத்தில் புதுச்சேரி வரலாறு பற்றிய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வேதியியல் படிக்கும் இவனுக்கு வரலாறு எதற்கு என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். ஆயினும் அந்நூல்களில் நான் கண்ட ஒரு வழக்கு, முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாயிருந்தும், எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததுபோல் எனக்குத் தோன்றிற்று. அதை மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். புதுச்சேரி பிரெஞ்சு இந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. (எங்கள் வில்லியனூர் அப்போது அவர்களுடையதன்று. 1749 வாக்கில் சந்தா சாகிபு காலத்தில்தான் அவர்கள் கைக்கு வந்தது.) கம்பெனிக்குத் துணி வேண்டும். துணி நெய்பவர்களோ தமிழ் பேசும் ஊர்களில் இருந்தார்கள். இடையில் நின்று விலை பேசவும், முன்பணம் கொடுக்கவும், சரக்கைக் கொண்டு சேர்க்கவும் ஒருவர் தேவைப்பட்டார். அவரே தலைமைத் தரகர். துபாஷ் என்றும் சொல்வார்கள். துபாஷ் என்பதற்கு இருமொழியாளர் என்பது பொருள். அந்தப் பதவியில் 1708-இல் அமர்த்தப்பட்டவர் நயினியப்ப பிள்ளை. அமர்த்தியவர் அப்போதைய ஆளுநர் எபேர்.

நயினியப்பர் கிறித்தவர் அல்லர். இவ்வளவு உயர்ந்த பதவியில் ஓர் இந்து இருத்தலாகாது, ஒரு கிறித்தவரையே அமர்த்த வேண்டும் என்று ஏசு சபைப் பாதிரிமார் தொடர்ந்து வற்புறுத்தி வந்தார்கள். முதலில் எபேர் அதற்கு இணங்கவில்லை. நயினியப்பர் இல்லாமல் வாணிபம் நடவாது என்பது அவருக்குத் தெரியும். பிறகு எபேர் பதவியிழந்து பிரான்சுக்குப் போனார். 1715-இல் மீண்டும் அதிகாரத்தோடு புதுச்சேரிக்கு வந்தார். வந்தவர் பழைய எபேர் அல்லர். இழந்த இடத்தை மீண்டும் பெறுவதற்காக அவர் பாதிரிமாரோடு உடன்பாடு செய்துகொண்டார் என்பது நயினியப்பர் தரப்பினர் பின்னாளில் சொன்ன குற்றச்சாட்டு.

1716 பிப்ரவரியில் நயினியப்பர் கைது செய்யப்பட்டுக் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். மக்களைக் கொடுமைப்படுத்தினார் என்பது ஒரு குற்றச்சாட்டு. 1715-இல் நகரத்து மக்கள் சமயக் கட்டுப்பாடுகளை எதிர்த்துக் கிளர்ந்தார்கள் அல்லவா, அதைத் தூண்டிவிட்டவர் இவரே என்பது மற்றொன்று. வழக்கை விசாரித்தது உயர் மன்றம். அதன் தலைவர் யார்? எபேரேதான்! குற்றம் சாட்டியவரும் அவர், சிறையில் அடைத்தவரும் அவர், தீர்ப்புச் சொன்னவரும் அவர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாட யாரும் இல்லை.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது மொழி. நயினியப்பருக்குத் தமிழ் தெரியும், போர்த்துகீசும் தெரியும். அக்காலத்துக் கடற்கரை நகரங்களில் வாணிபம் நடந்தது பெரும்பாலும் போர்த்துகீசில்தான். பிரெஞ்சு அவருக்குத் தெரியாது. விசாரணையோ பிரெஞ்சில் நடந்தது. சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். அது போர்த்துகீசுக்குப் போயிற்று, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போயிற்று. மொழிபெயர்த்தவர் ஏசு சபையாரின் உபதேசியார் ஒருவருடைய மகன். அப்படி எழுதப்பட்ட பிரெஞ்சுத் தாளின் அடியில் சாட்சிகள் தமிழில் ஒப்பமிட்டார்கள். தாங்கள் ஒப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே தங்களுக்குத் தெரியாது என்று அவர்களுள் சிலர் பிற்பாடு நடந்த மறுவிசாரணையில் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தராசு காட்டிய அளவைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும். வந்திருக்க வேண்டிய அளவை எழுதினால் ஆசிரியர் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு மறுபடியும் செய்யச் சொல்வார். 1716-இல் புதுச்சேரியில் அடித்துவிட்டு மறுபடியும் செய்யச் சொல்ல ஒருவரும் இல்லை. வந்திருக்க வேண்டிய விடை முன்னதாகவே எழுதப்பட்டிருந்தது.

ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் மக்கள் முன்னிலையில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம், சொத்துப் பறிமுதல். சிறைவாசம் முடிந்தபின் நாடு கடத்தல். நேற்றுவரை நகரத்தின் முதல் தமிழராய் விளங்கியவரைக் கடைத்தெருவில் கட்டி அடித்தார்கள். அடியைவிட அந்த இடம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. எந்த வணிகர்களிடையே அவர் தலைநிமிர்ந்து நடந்தாரோ அந்த வணிகர்களே நின்று பார்க்க வேண்டும் அல்லவா? 1717-இல் நயினியப்பர் சிறையிலேயே உயிர்துறந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நமக்குப் பெயர்கூடத் தெரிந்திராது. அவருடைய குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. பிரான்சுக்கு முறையீடுகள் அனுப்பினார்கள். எபேரோடு பகைகொண்டிருந்த பிரெஞ்சு வணிகர்களும், ஏசு சபையாரோடு ஒத்துப்போகாத வேறு பாதிரிமாரும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். மறுவிசாரணைக்கு ஆணை பிறந்தது. 1718-இல் எபேர் பதவியிழந்தார். அவரும் அவர் மகனும் கைதாகி, பிரான்சுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். நயினியப்பர் மீதான தீர்ப்பும் நீக்கப்பட்டது. அவருடைய மூத்த மகன் குருவப்பா கடல் கடந்து பாரிசு சென்றார். அங்கே கிறித்தவரானார். அப்போது பிரான்சை ஆண்டுவந்த அரசப் பிரதிநிதியே அவருக்கு ஞானத்தந்தையாக நின்றார். செவாலியே பட்டமும் பெற்றார். பிறகு புதுவைக்குத் திரும்பித் தந்தை வகித்த அதே பதவியில் அமர்ந்து, 1724-இல் காலமானார். எந்த மதத்தைச் சேராததற்காகத் தந்தை வதைபட்டாரோ அதே மதத்தில் சேர்ந்துதான் மகன் அந்தப் பதவிக்கு வர முடிந்தது. இதை வெற்றி என்பதா, வேறு என்னவென்பதா? நண்பர்கள் என்னோடு வாதிடலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நயினியப்பர் ஏழைப் பங்காளர் அல்லர். பெருஞ்செல்வர். தரகர் என்ற முறையில் நெசவாளர் மீதும் சிறு வணிகர் மீதும் அவருக்கிருந்த செல்வாக்கு சாதாரணமானதன்று. அவரைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே நல்லவர் ஒருவரைத் தீயவர் ஒருவர் வதைத்தார் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. அவருக்காகக் கடல் கடக்கப் பொருள் இருந்தது, எழுதிக் கொடுக்கப் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். இவை ஏதும் இல்லாத ஒரு தறிக்காரர் அதே மன்றத்தில் நின்றிருந்தால் அவர் வழக்கை யார் பாரிசுக்குக் கொண்டு போயிருப்பார்?

அந்த 1716-இல் நயினியப்பரோடு சேர்த்து அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும் சிறைப்பட்டார். திருவேங்கடம் பிள்ளையின் மகன் அப்போது ஆறேழு வயதுச் சிறுவன். அச்சிறுவனே பின்னாளில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் அவர் பெயரால் அமைந்த ரங்கப்பிள்ளை தெருவில் நாம் நடக்காத நாளில்லை. 1736 முதல் 1761-இல் தாம் மறையும் காலம்வரை அவர் எழுதிய குறிப்புகளில் அரசியலுக்கு நிகராக இடம் பெறுவது மரியாதைக் கணக்கு. யார் பல்லக்கில் வந்தார், யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கிற்று, யாருக்கு என்ன சகலாத்துத் துணி வெகுமதியாயிற்று என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். முதலில் படித்தபோது பெருமையடித்துக்கொள்கிறார் என்றே நினைத்தேன். வழக்கின் கதை தெரிந்தபின் வேறுவிதமாகத் தோன்றிற்று. பல்லக்கு இருக்கும்வரைதான் கசையடி இல்லை என்பதைச் சிறு வயதிலேயே அறிந்துகொண்ட குடும்பம் அது.

ஆளுநர் துய்ப்ளேயின் மனைவியைப் பற்றியும் பிள்ளை நிறைய எழுதுகிறார். எந்தப் பதவியிலும் இல்லாத அந்த அம்மையார், பதவியில் இருப்பவரின் மனைவி என்ற ஒரே காரணத்தால் ஆட்களை ஏவினார், பணம் பெற்றுக் காரியம் முடித்தார் என்பது அவர் குற்றச்சாட்டு. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதிலும் அவர் கை இருந்ததாகச் சொல்கிறார். பிள்ளைக்கும் அந்த அம்மையாருக்கும் ஆகாது. எனவே இவற்றைச் சற்று நிறுத்துத்தான் படிக்க வேண்டும். ஆயினும் பதவி வகிப்பவரின் வீட்டார் பதவியைச் செலுத்துவது புதுவைக்குப் புதிதன்று என்பது மட்டும் தெளிவு.

பதவிக்கேற்பத்தான் மனிதனுக்கு மதிப்பு என்னும் எண்ணத்தைக் கணக்காகவே எழுதிவைத்த நாடும் உண்டு. இன்றைய தாய்லாந்தில் அயுத்தியா அரசு நடந்த காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் திரைலோகநாத் என்ற அரசர் ஒரு முறையை வகுத்தார். அதற்குச் சக்தினா என்று பெயர். நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அடிமைக்கு 5, சாதாரணக் குடிமகனுக்கு 25, அதிகாரிக்கு 400-க்கு மேல், பெரிய அமைச்சருக்கு 10,000. நீதிமன்றத்தில் தண்டமும் ஈடும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைந்தன. ஊர்களை ஆள அனுப்பப்பட்டவர்களுக்குச் சம்பளம் இல்லை. அந்த ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அந்நாட்டார் 'ஊரைத் தின்பது' என்றே பெயரிட்டு அழைத்தார்கள். மறைக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

நம் நாட்டில் அரசமைப்பின் 14-ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. எண்கள் இல்லை. 2017 மே முதல் நாளிலிருந்து அமைச்சர், அதிகாரி வண்டிகளின் தலையில் சுழன்ற சிவப்பு விளக்கும் இல்லை. நல்ல செயல்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த விளக்கைவிட மேசைமேல் இருக்கும் தாளிடம்தான் அச்சம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் ஆளுநர் வடம் பிடிப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வரும் வழக்கம். அன்று ஒரு நாள் ஆளுநரும் ஆயாவும் ஒரே கயிற்றை இழுப்பார்கள். மறுநாள் மேசைக்கு அந்தப் புறம் ஒருவர், இந்தப் புறம் ஒருவர்.

ஆயாவின் விஷயத்துக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தத் தாளின் படி வேண்டுமென்று விண்ணப்பித்தேன். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம். இருபத்தேழாம் நாள் உறை வந்தது. தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மகனுடைய பராமரிப்பில் வசதியாக வாழ்வதால் உதவித்தொகை தேவையில்லை என்று எழுதியிருந்தது. அந்த மகன் என் தந்தை. நெல் மூட்டை தூக்குகிறார். அதன் கீழே, கைநாட்டுக்கு மேலே, சிறிய எழுத்தில் அச்சிட்ட வரி ஒன்று இருந்தது: இதில் உள்ளவை எனக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டப்பட்டு, நான் புரிந்துகொண்டேன்.

அந்த வரியை ஆயாவுக்குத் தமிழில் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். "இத யாரும் எனக்குப் படிக்கலியேப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு மேலதிகாரிக்கு ஒரு மனு எழுதினேன், தமிழில். எழுதி முடித்ததும் மைப்பெட்டியை எடுத்தேன். ஆயா கையை நீட்டவில்லை. "முழுசாப் படி" என்றார். படித்தேன். நடுவில் நிறுத்தி, தன் மாமியார் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். அது வேண்டியதில்லை என்று விளக்கினேன். கடைசி வரி வரைக்கும் கேட்டபின்தான் கட்டைவிரலை நீட்டி, "இப்ப சொல்லு, எங்க வைக்கணும்?" என்றார்.

மனு கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. ஒப்புகைச் சீட்டு ஆயாவின் சுருக்குப் பையில் இருக்கிறது.