செவிலியர் பணியும் வீட்டாரின் துணையும்



நாகை மாவட்டத்து விவசாயக் குடும்பங்களிலிருந்து பெண்கள் பலர் செவிலியராக வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சிலர் 2022-ல் ஒரத்தூரில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியை ஒட்டிய மருத்துவமனையில், சிலர் தனியார் ஆஸ்பத்திரியில்.

பிரசவ வலி நேரம் பார்த்து வருவதில்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூன்று செவிலியர் முறை வைத்துப் பணிபுரியும் ஏற்பாடு வந்தது. நடுராத்திரியில் உங்களுக்குக் கதவு திறக்கிறது என்றால், உள்ளே ஒரு பெண் கண் விழித்திருக்கிறாள்.

அவள் வேலையில் ஊன்றி நிற்பது குணத்தால் மட்டும் ஆவதல்ல. பொது மருத்துவமனையில் 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. ஆள் குறைந்தால் சுமை கூடும். ஆள் போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு. கீழ்க்கண்டவை வீட்டாரின் பொறுப்பு.

1. தூக்கம்: "பகலெல்லாம் வீட்லதானே இருக்கே!" என்று சொல்லாதீர்கள். முறைத் தண்ணீருக்காக இரவெல்லாம் மடையில் நின்று வந்த கணவரைக் காலையில் யாரும் எழுப்புவதில்லை. நைட் டூட்டி முடித்து வந்த மனைவிக்கும் அதே நியாயம்தான். 7 மணி நேரம் தூங்க விடுங்கள். தூக்கம் கெட்டால் கவனம் சிதறும். ஊசி, மருந்து வேலையில் அது ஆபத்து.

2. வேலைப் பங்கீடு: டூட்டி அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். இரவுப் பணி நாட்களில் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது கணவர் பொறுப்பு.

3. பிள்ளைகளுக்கு இடைவெளி: இரண்டு பிரசவங்களுக்கு இடையே 3 ஆண்டாவது இருக்கட்டும். காப்பர்-டி 380ஏ 10 ஆண்டு வரை பலன் தரும், வேண்டும்போது எடுத்துவிடலாம். ஆணுறை, தழும்பில்லா வாசக்டமி ஆகியவை கணவருக்கான முறைகள்.

4. பேறுகால விடுப்பு: "பிள்ளை பொறந்தாச்சு, வேலையை விட்டுடு" என்று அவசரப்படாதீர்கள். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு (2017 சட்டத் திருத்தம்). பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும்.

5. ஊசி குத்திவிட்டால்: சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பணியிடத்தில் தெரிவிக்க வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் கூடுமானவரை 2 மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வீட்டில் ஏசுவார்களே என்று பயந்து அவள் மறைக்கும்படி நடந்துகொள்ளாதீர்கள். மஞ்சள் காமாலை-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

கைத்தேர்ந்த ஒரு செவிலியர் களைத்துப்போய் வேலையை விட்டால், நஷ்டம் அந்த வீட்டுச் சம்பளம் மட்டுமல்ல. நாளை நம் வீட்டுப் பெண் பிரசவ அறைக்குள் போகும்போது, பழகிய கை ஒன்று அங்கே இருக்காது.

இன்றே கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். குடும்ப நல முறைகள் பற்றி அறிய உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரை அணுகுங்கள்.