கலைந்த ஒளி, கலையாத செய்தி

திருகுவடிவ ஒளிக்கற்றை ஆய்வக மேசையோடு சரி, வெளிக்காற்று பட்டால் உருக்குலைந்து செய்தியும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் பாதி மட்டும் உண்மை. உருக்குலையும், ஆனால் செய்தி போய்விடாது.

1992இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் லெஸ் ஆலனும் சக ஆய்வாளர்களும் இந்தக் கற்றைகளுக்கு அடித்தளம் போட்டார்கள். அலைமுகப்பு திருகாணியின் மரைபோலச் சுற்றிக்கொண்டே முன்னேறும். எத்தனை திருகு என்பதே செய்தியின் எழுத்து. வலத்திருகையும் இடத்திருகையும் கலந்தால் திரையில் பூவிதழ்கள் விரியும்: 3 திருகுக்கு 6 இதழ்.

2014இல் இயற்பியலாளர் ஆன்டன் சைலிங்கர் குழு வியன்னா நகரின் மேலே 3 கிலோமீட்டர் தூரத்துக்குப் பச்சை லேசரில் 16 வகை இதழ்க்கோலங்களை அனுப்பியது. நகரத்து வெப்பக்காற்றில் இதழ்கள் நெளிந்தன, ஆடின. அலைமுகப்பைத் திருத்தும் கருவி எதுவும் இல்லை. திரையைக் கேமரா படம் பிடித்தது. பயிற்சி பெற்ற கணினி நரம்பணு வலையமைப்பு, இது எந்தப் பூ என்று அடையாளம் சொன்னது. பிழை ஏறத்தாழ 1.7 விழுக்காடுதான். அப்படி அந்தக் காற்றைக் கடந்து வந்தவை மொஸார்ட், போல்ட்ஸ்மன், ஷ்ரோடிங்கர் ஆகியோரின் படங்கள்! அதே குழு பின்னர் கேனரித் தீவுகளில் லா பால்மாவிலிருந்து டெனெரிஃபேவுக்கு, 143 கிலோமீட்டர், ‘ஹலோ வேர்ல்ட்!’ என்ற சொற்களை அனுப்பியது. அங்கே பிழை 8.33 விழுக்காடு.

காற்றாவது பரவாயில்லை, தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் என்ன மிஞ்சும் என்பது அடுத்த சந்தேகம். சொரசொரப்பான குளியலறைக் கண்ணாடியில் லேசரை அடித்துச் சுவரைப் பார்த்தால், மணல் தூவியதுபோல மினுக்கும் புள்ளிகள். இதழும் இல்லை, வளையமும் இல்லை. ஆனாலும் அது வெறும் குப்பையல்ல. கண்ணாடி அசையாதவரை ஒரே கற்றை ஒரே புள்ளிக்கோலத்தைத்தான் தரும். திருகு மாறினால் கோலமும் மாறும். அகமதாபாத், வாரங்கல் ஆய்வாளர்கள் இந்தப் புள்ளிக்கோலங்களையே கணினிக்குப் பாடமாக்கி, எந்தக் கற்றை வந்தது என்று கண்டறியச் செய்திருக்கிறார்கள். செய்தி கோலம் முழுக்கப் பரவிக் கிடப்பதால் அதன் ஒரு துண்டு கிடைத்தாலும் போதும். இந்தத் துறையில் மிக அழகான விஷயம் இதுதான்.

அதற்காக, கணினி எதையும் மீட்டுவிடும் என்று நினைப்பதும் தவறு. சிதறல் வேறு, இழப்பு வேறு. அடர்ந்த மூடுபனியில் வந்துசேராத ஒளியை எந்தக் கணினியாலும் படிக்க முடியாது. கண்ட ஊடகத்தில் பெற்ற பயிற்சி காணாத ஊடகத்தில் தடுமாறவும் கூடும்.

திருகுகளுக்குக் கணக்கில் எல்லை இல்லை, ஆகவே செய்தி அனுப்பும் வேகத்துக்கும் இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. திருகு கூடக் கூடக் கற்றை அகலும். வாங்கும் வில்லையோ ஒரே அளவுதான், எனவே நடைமுறையில் எல்லை உண்டு. 2012இல் நொடிக்கு 2.5 டெராபிட்டைத் தாண்டியதாகப் பெரிதும் பேசப்பட்ட அமெரிக்கச் சோதனையில் ஒளி கடந்தது சுமார் 1 மீட்டர். அடுத்தமுறை இப்படி ஒரு வேகத்தைப் படித்தால், எவ்வளவு தூரத்தில், எந்தக் காற்றில் என்று சேர்த்துக் கேளுங்கள்.