முதல் நட்டத்தில் மனம் தளரலாமா?
புறக்கடைக் கோழி வளர்ப்பில் புதிதாக இறங்குவோருக்கும் அவர்தம் அயலாருக்கும் ஒரு பாடம்

நம் கிராமங்களில் கோழி கூவாத தெரு அரிது. நிலம் உள்ளவர் இல்லத்திலும், நிலமற்ற உழைப்பாளியின் குடிசையிலும் ஒன்றுபோல் இடம்பெறும் செல்வம் கோழியே. பள்ளிப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டுமா, உடல்நலம் குன்றிய மாமியாரைப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா, இல்லத்தரசி ஒரு சேவலைச் சந்தைக்கு அனுப்பி அச்செலவைச் சமாளிக்கிறாள். யாரிடமும் கைநீட்டாமல் பெண்ணின் முந்தானை முடிச்சில் தங்கும் பணம் அது.

இத்தகைய பயனுள்ள தொழிலில் ஆண்டுதோறும் பலர் புதிதாக இறங்குகிறார்கள். அவர்களுள் கணிசமானோர் முதல் ஆண்டிலேயே கூட்டைக் காலி செய்துவிட்டு, “இனி இந்த வம்பே வேண்டாம்” என்று ஒதுங்கிவிடுவதையும் நாம் காண்கிறோம். அவர்களிடம் ஆர்வமோ உழைப்போ குறைந்திருப்பதில்லை. குஞ்சுகள் இறந்தபோது அது ஏன் நேர்ந்தது என்று எடுத்துரைப்பார் இல்லாமையே அவர்கள் விலகுவதற்குக் காரணம்.

ராசியா, காரணமா?

புதியவர் வீட்டில் பத்துக் குஞ்சுகள் மடிந்தால் அயலார் கூறும் முதற்சொல், “உனக்குக் கோழி ராசி இல்லை” என்பதாகும். இச்சொல் ஆறுதல் போல் தோன்றினும் அதனால் விளையும் தீங்கு பெரிது. ராசி என்று கூறிவிட்டால் காரணத்தைத் தேடும் வேலை நின்றுவிடுகிறது. காரணம் தெரியாதவர் அடுத்த முறையும் அதே நட்டத்தை அடைகிறார். நாற்பது ஆண்டுகள் கோழி வளர்த்த மூதாட்டியும் தொடக்கத்தில் குஞ்சுகளை இழந்தவரே. எந்தக் காலத்தில் எதனால் சாவு நேரும் என்பதைக் கண்டறிந்த பழக்கத்தையே நாம் அவருடைய “கைராசி” என்கிறோம். ஆகவே, பெரும்பாலும் நேரிடும் நட்டங்களையும் அவற்றின் காரணங்களையும் முதலில் ஆராய்வோம்.

முட்டை பொரியாமை

அடைக்கு வைத்த பன்னிரண்டு முட்டைகளில் நான்கே பொரித்தன என்றால், இடி இடித்ததால் முட்டை கெட்டது என்பர். இதற்காக அடைக்கூடையில் கரித்துண்டும் இரும்பும் வைப்பது நம் வழக்கம். வைப்பதால் கேடில்லை, ஆனால் உண்மையான காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். ஒரு வாரத்திற்கு மேற்பட்ட முட்டைக்கும், கோடையில் வெப்பமான அறையில் கிடந்த முட்டைக்கும் பொரிக்கும் திறன் குறைந்துவிடும். ஈரமணல் நிரப்பிய பானையின்மேல், அகன்ற முனை மேலாக இருக்குமாறு முட்டைகளைச் சேர்த்து வைத்தல் நன்று. எட்டு அல்லது பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவலேனும் இருத்தல் வேண்டும். அடைக்கு வைத்த ஏழாம் நாள் இரவில் கைவிளக்கின்முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கொண்ட முட்டையில் சிலந்திவலை போன்ற நரம்புகள் தெரியும். ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்துவிடலாம். இருபத்தொரு நாள் காத்திருந்து ஏமாறுவதைக் காட்டிலும் இது மேல்.

இளங்குஞ்சுகளின் சாவு

“கோழி மிதித்துக் குஞ்சு சாகாது” என்பது நம் முன்னோர் கண்டறிந்த உண்மை. குஞ்சைக் கொல்பவை குளிரும், ஈரமும், பகைவிலங்குமே. முதல் மூன்று வாரங்களில் குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் கிடையாது. தாய்க்கோழி இருந்தால் தன் இறக்கைக்குள் அணைத்துக் காக்கும். தாயில்லாக் குஞ்சுகளை விலைக்கு வாங்கி வளர்ப்போர் அவ்வெப்பத்தைச் செயற்கையாகத் தருதல் வேண்டும்.

இங்கு அண்மைக்காலத்தில் புதியதொரு தவறு நேர்கிறது. முன்னாளில் வீடுகளில் எரிந்த இழைவிளக்கு ஒளியுடன் வெப்பத்தையும் தந்தது. குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்ற கணக்கில் அதனைத் தொங்கவிட்டனர். இன்று கடையில் எளிதில் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு குஞ்சைக் காக்கத்தக்க வெப்பத்தைத் தருவதில்லை. விளக்குப் போட்டும் குஞ்சுகள் விறைத்து இறந்தன என வருந்துவோர் இதனைக் கவனித்தல் வேண்டும். வெப்பத்தை அளக்கக் கருவி இல்லாவிடினும் குஞ்சுகளே அதனைக் காட்டிவிடும். அவை விளக்கின்கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிர் மிகுதி. விலகி ஓரத்தில் ஒதுங்கினால் வெப்பம் மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் வெப்பம் அளவாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

அகன்ற தட்டில் நீர் வைத்தால் குஞ்சு அதில் விழுந்து நனைந்து இறக்கும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பிவிட்டால் இவ்வாபத்து நீங்கும். தரையில் பரப்பிய உமி ஈரமாகி நாற்றமெடுத்தால் இரத்தக்கழிச்சல் தோன்ற இடமுண்டு. ஈர உமியை அன்றன்றே அள்ளிவிடுதல் வேண்டும். பகலில் பருந்தும் காகமும் கீரியும், இரவில் பூனையும் பாம்பும் குஞ்சுகளுக்குப் பகை. பகலில் பஞ்சாரமும், இரவில் தரையினின்றும் உயர்த்திக் கட்டிய வலைக்கூடும் காவலாகும்.

கழிச்சல் என்னும் பெரும்பகை

மேற்கூறிய நட்டங்கள் ஒரு வீட்டோடு நிற்பவை. ஊர்முழுவதையும் ஒரே வாரத்தில் வெறுமையாக்குவது வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கேட் நோய். 1926-ஆம் ஆண்டு சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக அறியப்பட்ட இந்நோய், நம் நாட்டில் இமயத்தின் குமாவோன் மலைப்பகுதியில் உள்ள இராணிக்கேட் என்னும் ஊரில் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. வெண்மையும் பசுமையும் கலந்த கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகிக்கொள்ளுதல், காலும் இறக்கையும் செயலிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு.

குஞ்சு பிறந்த முதல் வாரத்தின் முடிவில் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசியும் போடுவது வழக்கமான முறை. ஊசிக்கு ஒரு வாரம் முன்னதாகக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்தல் நலம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை வடிவிலான வாய்வழித் தடுப்பு மருந்தும் புறக்கடைக் கோழிகளுக்கென்றே அமைந்தது. கோடையில் நோய் பரவுமுன் காக்கும்பொருட்டு, கால்நடை பராமரிப்புத் துறையினர் பிப்ரவரித் திங்களில் இலவசத் தடுப்பூசி முகாம்களை நடத்தி வருகின்றனர்.

“ஊசி போட்டதனாலேயே என் கோழி செத்தது” என்று சிலர் கூறக் கேட்கிறோம். நோய்க்கிருமி உடலிற் புகுந்து சில நாள் கழித்தே அறிகுறி தோன்றும். தடுப்பு மருந்தோ முழுப்பயன் தருவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஊரில் நோய் நுழைந்தபின் அவசரமாக ஊசி போட்டால், முன்னரே கிருமி புகுந்த கோழி இறக்கத்தான் செய்யும். இது காலந்தாழ்த்தியதன் விளைவு. இதற்கு மருந்தைக் குறைகூறுதல் பொருந்தாது.

ஒருவரால் ஆகாதது, ஊரால் ஆகும்

இங்கேதான் அயலாரின் கடமை தொடங்குகிறது. தடுப்பு மருந்துக் குப்பி ஒன்றில் நூறு கோழிகளுக்கோ அதற்கு மேலோ போதுமான மருந்து இருக்கும். அதனைக் குளிர்ச்சியில் வைத்திருந்து, கரைத்த இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் பெண் ஒருத்தி தனியே குப்பி வாங்குவது இயலுமா? அவள் ஒருத்தி மட்டும் ஊசி போட்டு, அடுத்த பத்து வீடுகள் போடாமல் விட்டால் நோய் ஊரைவிட்டு நீங்குமா? கோழிக்கு வேலியும் தெரியாது, வரப்பும் தெரியாது. ஆகவே, கோழி வளர்ப்பில் தன்னலமும் பொதுநலமும் ஒன்றேயாகும்.

ஒவ்வொரு தெருவிலும் உள்ள மகளிர் சுய உதவிக் குழு இப்பணியை எளிதில் மேற்கொள்ளலாம். ஒரு நாளை முன்னதாகக் குறித்து, கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்து, அன்று விடியுமுன் கோழிகளைத் திறந்துவிடாமல் கூட்டிலேயே வைத்திருக்குமாறு வீடுதோறும் சொல்லி வைத்தால், வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். முகாமுக்கு வரும் ஊழியர் கோழிகளைத் துரத்திப் பிடிக்க இயலாமல் பாதி மருந்தோடு திரும்பிச் செல்லும் நிலை நேராது.

நோயை மறைத்தல் கூடாது என்பது இரண்டாவது கடமை. கோழி தூங்கி விழுவதைக் கண்டவுடன் மீதியுள்ளவற்றைச் சந்தையில் தள்ளிவிட எண்ணுவது மனித இயல்பு. ஆயினும் அது நம் நட்டத்தை மற்றோர் ஏழையின் தலையில் ஏற்றுவதாகும். நோய் கண்ட வீட்டாரை ஏசாமல், உண்மை கூறியதற்காக நன்றி பாராட்டும் ஊரில் மட்டுமே நோய்ச்செய்தி விரைவில் வெளிப்படும். இறந்த கோழியை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். பல கோழிகள் திடீரென ஒருங்கே மடிந்தால் அவற்றைக் கையால் தொடாமல் உடனே கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு மகாராட்டிர மாநிலத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டதிலிருந்து இவ்வெச்சரிக்கை மேலும் இன்றியமையாததாகியுள்ளது.

சந்தையிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ வந்த கோழியை இரண்டு வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றுடன் சேர்த்தல் மூன்றாவது கடமை.

மீண்டும் தொடங்குதல்

எல்லாவற்றையும் இழந்தவர் மறுநாளே புதுக் கோழி வாங்கக் கூடாது. கூட்டைத் துடைத்து, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு பூசி, ஒரு மாதம் வெறுமையாக விட்டுவைத்தல் நன்று. அந்த ஒரு மாதத்தில் மனத்தளர்ச்சியும் சற்றே நீங்கும்; நட்டத்தின் காரணத்தை அமைதியாக ஆராயவும் இயலும்.

பின்னர் இருபத்தைந்து குஞ்சுகளுடன் தொடங்காமல், தடுப்பூசி போட்ட இரண்டு பெட்டைகளுடன் தொடங்கட்டும். கையில் முதல் இல்லாதவருக்கு நம் ஊர்களில் பழைமையானதோர் ஏற்பாடு உண்டு. அதுவே வாரத்துக்கு விடுதல். உள்ளவர் ஒரு பெட்டையைக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார், பொரித்த குஞ்சுகளை இருவரும் பாதியாகப் பகிர்ந்துகொள்வர். நட்டமடைந்த ஒருவருக்கு இரு வீட்டார் ஆளுக்கொரு பெட்டையை வாரத்துக்கு விட்டால், கடன் சுமை இன்றியே அவருடைய கூடு மீண்டும் நிறையத் தொடங்கும்.

கணக்கொன்று பார்ப்போம். ஒரு நாட்டுக்கோழி ஆண்டில் மூன்று முறை அடையிருந்து, முறைக்குப் பத்துக் குஞ்சு பொரித்தால் முப்பது குஞ்சுகள். அவற்றில் பதினைந்து இறந்தாலும் பதினைந்து எஞ்சும். “பதினைந்து செத்துவிட்டன” என்று எண்ணுபவர் தொழிலை விடுவார். “பதினைந்தை வளர்த்தோம், அடுத்த ஆண்டு இருபதாக்குவோம்” என்று எண்ணுபவர் முன்னேறுவார். ஆதலால் பொரித்தவை, இறந்தவை, இறந்த நாள், கண்ட அறிகுறி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது நன்று. எழுத்தறியாதார் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். அக்குறிப்பேட்டைக் கண்டால் கால்நடை மருத்துவரும் தக்க யோசனை கூற இயலும்.

அனுபவமுள்ள மூதாட்டிகளும் தாம் அறிந்ததைப் புதியவர்களுக்கு மனமுவந்து கூற வேண்டுகிறோம். புதியவரின் கோழி நம் நாற்றங்காலைக் கிளறிவிட்டது என்ற சிறு பூசலைப் பெரிதாக்காமல், வேலி கட்டும் முறையைக் கற்றுக் கொடுப்போமாக. நட்டமடைந்தவரின் வாசலுக்கு ஒருவர் சென்று, “என்ன நடந்தது? கூட்டைக் காட்டு, பார்ப்போம்” என்று கேட்டால் போதும், கைவிட இருந்த தொழில் நிலைத்துவிடும்.

குழுக் கூட்டத்தில் ஆராயத்தக்கவை

1. சென்ற ஆண்டில் நம் தெருவில் எத்தனை கோழிகள் இறந்தன? எந்தத் திங்களில், எந்த அறிகுறியுடன்?

2. கோழி வளர்ப்பைக் கைவிட்டவர் எவர்? அவரை நேரில் கண்டு பேசும் பொறுப்பை யார் ஏற்பது?

3. அடுத்த தடுப்பூசி நாளுக்குக் கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவித்தாயிற்றா? வீடுதோறும் சொல்லி வைப்பவர் யார்?

4. வாரத்துக்குப் பெட்டை விட இசைவோர் எத்தனை பேர்?

இவ்வினாக்களுக்கு விடை காணும் கிராமத்தில் “ராசி இல்லை” என்னும் சொல் தானே மறையும். கற்பது பலர்க்கும் பொதுவாகும்போது நட்டம் ஒருவர்க்கே சுமையாக நில்லாது.