லேப்டாப் அப்கிரேடு பண்ணியாச்சா? பழைய ஹார்டு டிஸ்க்கை 400 ரூபாய்க்குக் கொடுத்துடாதீங்க

போன மாசம் தொட்டியத்துல எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். ஐடி வேலை. "அண்ணா, லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் மாத்திட்டேன். பழைய ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு கடையில 400 ரூபா தரேங்கறாங்க, கொடுத்துடவா?"

உள்ளே என்ன இருக்குன்னு கேட்டேன். "எல்லாம் டெலீட் பண்ணிட்டேன்ணா."

சரின்னு, யூஎஸ்பி கேபிள்ல மாட்டி ஒரு இலவச ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓட்டினோம். திரும்பி வந்தது என்ன தெரியுமா? 3 வருஷ ஃபார்ம் 16, பான் கார்டு ஸ்கேன், அம்மாவோட பாஸ்புக் முதல் பக்கம், ஆதார் பிடிஎஃப். "ஆதாருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கே"ன்னார். இ-ஆதாரோட பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருஷமும்தான். ரெண்டும் பக்கத்துல இருந்த பான் கார்டுலயே இருக்கு! தம்பி முகத்தைப் பார்க்கணுமே.

டெலீட் பண்றது புஸ்தகத்துல பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிற மாதிரி. மேல வேற ஏதாவது எழுதப்படுற வரை பக்கங்கள் அப்படியே இருக்கும். பெரிய கம்பெனிகளே இதுல மாட்டியிருக்கு. பழைய டிஸ்க்குகளை அழிக்கிற வேலையை, அதுல அனுபவமே இல்லாத ஒரு பொருள் ஏற்றி இறக்கும் கம்பெனிக்கிட்ட மார்கன் ஸ்டான்லி கொடுத்தது. அதுல சில டிஸ்க்குகள் வாடிக்கையாளர் விவரங்களோடயே ஆன்லைன் ஏலத்துக்குப் போயிடுச்சு. 2022-ல அமெரிக்க எஸ்இசி போட்ட அபராதம் 3.5 கோடி டாலர்.

என் கணக்குல ஹார்டு டிஸ்க்கை விக்கிறதே லாபம் இல்லை. சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கேஸ் கிடைக்கும், மாட்டினா பேக்கப் டிஸ்க் ரெடி. அதுக்கு முன்னாடி கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவுல அதோட ஹெல்த்தைப் பாருங்க. வித்தே ஆகணும்னா, 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் கொடுங்க. மணிக்கணக்கா ஆகும், பரவாயில்லை. (எந்த டிரைவ்னு ரெண்டு தடவை பாருங்க, புதுசை அழிச்சுடாதீங்க.) பழசு எஸ்எஸ்டியா இருந்தா இது போதாது, அந்தக் கம்பெனி சாஃப்ட்வேர்லயே செக்யூர் எரேஸ் பண்ணணும்.

ரேம்ல பயம் இல்லை. கரண்ட் போனா அதுல ஒண்ணும் நிக்காது, தாராளமா விக்கலாம். டிடிஆர்3-யா 4-ஆன்னு மட்டும் சொல்லிடுங்க.

டாக்ஸ்? சொந்த உபயோகப் பொருள் மூலதனச் சொத்துல வராது, அதனால சம்பளக்காரங்களுக்கு இதுல வரி இல்லை. ஃப்ரீலான்ஸ் பண்ணி, லேப்டாப்புக்கு 40% தேய்மானம் எடுத்திருந்தா கதை வேற: விற்ற தொகையை அந்தக் கணக்குல கழிக்கணும். ஆபீஸ் லேப்டாப்னா பார்ட்ஸ் உங்களுதே இல்லை, ஐடி டீம்கிட்ட கொடுத்து மெயில்ல ஒப்புதல் வாங்கிக்குங்க.

உப்பின பேட்டரியை மட்டும் அலமாரியில வெச்சிருக்காதீங்க, குத்தவும் கூடாது. 2022 பேட்டரி கழிவு விதிகள்படி திரும்ப வாங்குற பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கு. சர்வீஸ் சென்டர்ல கேளுங்க.

தம்பி டிஸ்க்கை விக்கலை. ரேம் இப்போ அவர் தங்கச்சி லேப்டாப்ல ஓடுது.